லிஃப்டுக்குள் ஒரு பட்டிமன்றம்

எங்கள் பல்கலைக்கழகத்தின் வரவேற்பறைச் சுவரில் இதுவரை இருந்த துணைவேந்தர்கள் அத்தனை பேரின் படங்களையும் மாட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் படங்களுக்குக் கீழேதான் என் மேசை. வருகிறவர்கள் எல்லோரும் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டுதான் என்னிடம் பேசுவார்கள். அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவராவது தன் சொந்தக் காலால் படியேறி எட்டாவது மாடிக்குப் போயிருப்பாரா? மாட்டார். எல்லோரையும் ஏற்றி இறக்கியவள் என் அக்கா. அவளுக்குப் படம் கிடையாது. லிஃப்ட் ஓட்டுகிறவளுக்கு எதற்கம்மா படம் என்று என்னிடமே ஒருவர் கேட்டார். சரி, படம் வேண்டாம். நான் எழுதிவிட்டுப் போகிறேன்.

எங்களுடையது பழைய லிஃப்ட். வெளிக்கதவு ஒன்று, உள்கதவு ஒன்று, இரண்டையும் கையால் இழுத்து மூட வேண்டும். ஒழுங்காக மூடாவிட்டால் கோபித்துக்கொண்டு நகராது. ஒரு பித்தளைப் பிடி இருக்கிறது. இந்தப் பக்கம் தள்ளினால் மேலே, அந்தப் பக்கம் தள்ளினால் கீழே. தளத்துக்குச் சமமாகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டுமென்றால் கை பழகியிருக்க வேண்டும். அக்கா நிறுத்தினால் தரையும் லிஃப்டும் ஒட்டினாற்போல் நிற்கும். அவள் விடுப்பில் போகும் நாட்களில் வேறு யாராவது ஓட்டுவார்கள். அன்றைக்குப் பேராசிரியர்கள் தடுக்கி விழுந்துகொண்டே வகுப்புக்குப் போவார்கள், எனக்குப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

எல்லோரும் அவளை லிஃப்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அவளுக்குக் கோபம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. "நீ மேசைக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கறதால ஊர் பொழைச்சுது. உன்னை லிஃப்டுக்குள்ள விட்டா ரெண்டாவது மாடி வர்றதுக்குள்ள கைகலப்பு ஆயிடும்" என்பாள்.

ஆனால் அவளும் ஒரு விதத்தில் சண்டைக்காரிதான். எப்படி என்று சொல்கிறேன். கிழட்டு லிஃப்ட் அல்லவா, அவ்வப்போது நடுவழியில் நின்றுவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும். வேறு யாராக இருந்தாலும் "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்வார்கள். அக்கா அதை மட்டும் சொல்லவே மாட்டாள். "ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாத்தான், அப்ப ஏதோ ஆகப்போகுதுன்னு நெனைப்பாங்க" என்பது அவள் கட்சி. அவள் என்ன செய்வாள் தெரியுமா? உள்ளே இருப்பவர்களைச் சண்டைக்கு இழுத்துவிடுவாள். மாணவர்கள் என்றால் எந்த வாத்தியார் மார்க் போடுவதில் கஞ்சன் என்று கேட்பாள். புதிதாகக் கல்யாணமான ஜோடி என்றால் உங்களில் யாருடைய அம்மா நன்றாகச் சமைப்பார் என்று கேட்டுவைப்பாள். அவ்வளவுதான், பற்றிக்கொள்ளும். எவர் அதிகமாகப் பயந்திருக்கிறாரோ அவருக்கு எதிர்க்கட்சியில் இவள் சேர்ந்துகொள்வாள். வாதாடுகிறவனுக்குப் பயப்பட நேரம் இருக்காது. கதவு திறக்கும்போது முகம் சிவந்துபோய் வெளியே வருவார்களே தவிர, மயங்கி விழுந்தவர் ஒருவரும் இல்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், லிஃப்டுக்குள் ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறது. உள்ளே அபாய மணியை அழுத்தினால் அது உயிர்பெற்றுவிடும். அதன் மறுமுனை என் மேசைமேல். பேட்டரியில் ஓடுவதால் மின்சாரம் போனாலும் உள்ளே பேசுவது எனக்குக் கேட்கும்.

அக்காவுக்கு ஒரே பெண். வீட்டில் அவளுக்கு அமுக்குணி என்று பெயர். கேட்ட கேள்விக்குப் பதில் வரும், கேட்காத வார்த்தை ஒன்று வராது. எங்கள் பல்கலைக்கழகத்திலேயே ரத்தப் பரிசோதனை, கிருமிப் பரிசோதனை எல்லாம் கற்றுத்தரும் படிப்பில் சேர்ந்து, கடைசி வருடத்தில் இருந்தாள். தொலைவில் ஒரு பெரிய நகரத்து ஆய்வகம் அவளைத் தேர்வு செய்தது. நல்ல சம்பளம், தங்க இடம், மேலே படிக்க உதவி. அத்தான் பேக்கரி வேன் ஓட்டுகிறவர். செய்தி கேட்ட அன்று வேனை வாசலில் குறுக்காக நிறுத்திவிட்டு உள்ளே ஓடி வந்தார், தெருவே அடைத்துக்கொண்டது.

ஆனால் அந்த ஆய்வகத்தார் ஒரு கொக்கி போட்டிருந்தார்கள். நாட்டின் சிறந்த பல்கலைக்கழகங்கள் என்று வருடாவருடம் ஒரு பட்டியல் வருகிறதல்லவா, அதில் முதல் நூறுக்குள் இருக்கும் இடங்களில் படித்தவர்களை மட்டும்தான் அவர்கள் எடுப்பார்கள். "உங்க பல்கலைக்கழகம் இந்த வருஷம் நூறுக்குள்ள வந்தா வந்து சேருங்க, இல்லேன்னா மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். போன வருடம் நாங்கள் நூற்றி நாலு. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கி, நீங்கள் ஆளை எடுக்கிறீர்களா, கட்டடத்தை எடுக்கிறீர்களா என்று கேட்கப் போனேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டா நூத்தி நாலு தொண்ணூறா மாறிடுமா? சும்மா இரு" என்றாள். அமுக்குணி வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் தட்டைக் கழுவப் போனாள்.

பட்டியல் போடுகிறவர்கள் மூன்று பேரை நேரில் அனுப்பிப் பார்ப்பார்கள். அந்த வருடம் எங்கள் முறை வந்தது. ஐயோ, அந்தக் கூத்தை என்னவென்று சொல்வது! பதிவாளருக்குத் தலைகால் புரியவில்லை. சுவருக்குப் பெயிண்ட், படிக்கட்டுக்குக் கம்பளம், லாரி லாரியாக வாடகைக்குப் பூந்தொட்டிகள். பின்பக்கம் ஜெனரேட்டர் அறை அழுக்காகத் தெரிகிறது என்று அதன் கதவை மறைத்து ஆளுயரச் செடிகளை மூன்று வரிசைக்கு அடுக்கச் சொன்னார். காலியாக இருக்கும் அறைகள் செத்துக் கிடப்பதுபோல் தெரியக்கூடாதாம். அதனால் குழு மேலே வரும் நேரத்தில் எல்லா மாடியிலும் எல்லா விளக்கும், எல்லா மின்விசிறியும், எல்லா ஏசியும் ஓட வேண்டும் என்று உத்தரவு. ஆளை வைத்து முன்கூட்டியே போட்டு வைத்தால் மின்கட்டணம் ஏறுமே! ஆகவே அவர் கைக்குட்டையை ஆட்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் போட வேண்டும்.

வந்தார்கள் மூன்று பேரும். தலைவர் வாட்டசாட்டமான மனிதர், பொருளாதாரப் பேராசிரியர். அடுத்து ஒரு வெள்ளை முடி அம்மா, விஞ்ஞானி. மூன்றாமவர் இளைஞர், மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டே திரிந்தார். அவருக்கு நான் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்தேன். துணைவேந்தர் அவர்களை லிஃப்ட் வரைக்கும் கூட்டிவந்து, இடம் நெருக்கடியாக இருக்கும் என்று தான் பின்னால் நின்றுகொண்டார். அக்கா கும்பிட்டு உள்ளே அழைத்துக் கதவை மூடினாள். லிஃப்ட் கிளம்பியது. பதிவாளர் வாசலுக்கு ஓடிப்போய்க் கைக்குட்டையை ஆட்டினார்.

எட்டு மாடியும் ஒரே நொடியில் பளிச்சென்று எரிந்தது. அடுத்த நொடி பொத்தென்று எல்லாம் அணைந்தது. எங்கோ ஒரு பெரிய ஃபியூஸ் வெடித்த சத்தம் கேட்டது. அதன் பிறகு என் மேசைமேல் இருந்த பெட்டி கரகரவென்று உயிர்பெற்றது.

"நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நிக்கறோம்" என்றாள் அக்கா. குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

துணைவேந்தர் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பதிவாளர் "ஜெனரேட்டர், ஜெனரேட்டர்" என்று கத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினார். ஜெனரேட்டர் அறைக்கு முன்னால் அவரே அடுக்கவைத்த காடு நின்றுகொண்டிருந்தது.

பெட்டியில் பெருமூச்சுச் சத்தம் கேட்டது. நீளமாக, இழுத்து இழுத்து. தலைவருடையது. "எவ்வளவு நேரம் ஆகும்? கதவை உடைக்க முடியாதா? எனக்கு அடைச்ச இடம் ஆகாது" என்றார். அந்த மலைபோன்ற உடம்பிலிருந்து அப்படி ஒரு மெலிந்த குரல் வருமென்று நான் நினைக்கவில்லை.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்" என்றாள் அக்கா. "எங்க வீட்டுல தினமும் இதே சண்டை. நாட்டுலயே நல்ல பல்கலைக்கழகம் எதுங்க? துறைமுகத்துல ஒரு பல்கலைக்கழகம் இருக்கே, அதுதான்னு என் தங்கச்சி அடிச்சுச் சொல்றா."

நான் ஜென்மத்தில் அப்படிச் சொன்னதில்லை.

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்..."

"சும்மாதான் ஐயா. மலை மேல இருக்கே, ரொம்பப் பழசு, அது வெறும் பேருக்குத்தான் பெருசாம். உள்ள ஒண்ணுமே இல்லையாமே?"

பெருமூச்சு நின்றது. தலைவர் தோளில் மாட்டியிருந்த பையில் மலைப் பல்கலைக்கழகத்தின் சின்னம் போட்டிருந்ததை நானும்தான் பார்த்தேன். ஆனால் எனக்குத் தோன்றவில்லை, இவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"யாரு சொன்னது? நான் அங்க படிச்சவன். முப்பது வருஷம் அங்கயே பாடம் எடுத்தவன். நாட்டுக்கு எத்தனை பேரை உருவாக்கிக் கொடுத்திருக்கோம் தெரியுமா?" குரல் கட்டடத்தை உலுக்கியது.

"உருவாக்கினீங்களா, பொறுக்கி எடுத்தீங்களா?" இது வெள்ளை முடி அம்மா. அந்த அம்மாவுக்கும் இது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது போல. "நாட்டுலயே முதல் மார்க் வாங்கின பசங்களை மட்டும் உள்ள விடறீங்க. அவங்க எங்க படிச்சாலும் தேறியிருப்பாங்க. தங்கத்தை வாங்கி உள்ள வச்சுட்டு, நாங்கதான் தங்கம் செஞ்சோம்னா எப்படி?"

"ரெண்டு பேரும் உணர்ச்சிவசப்படறீங்க" என்றார் கணக்குப்பிள்ளை. "எத்தனை ஆய்வுக் கட்டுரை வந்திருக்கு, அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க, இதுதான் அளவு. துறைமுகத்துக்காரங்கதான் முன்னாடி நிக்கறாங்க."

"அந்தக் கட்டுரையெல்லாம் யாரு தம்பி படிக்கறா? எழுதினவரும் அவரு சம்சாரமும்" என்றார் வெள்ளை முடி அம்மா.

"சம்சாரம்கூடப் படிக்க மாட்டாங்க" என்றார் தலைவர். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். துணைவேந்தர் என் மேசை விளிம்பில் உட்கார்ந்தே விட்டார். அவருடைய சம்சாரம் நினைவுக்கு வந்திருக்கலாம்.

பின்பக்கத்திலிருந்து தொட்டி உடையும் சத்தம் கேட்டது. யாரோ ஓடிவந்து ஆள் போதவில்லை என்றார்கள். துணைவேந்தர் எழுந்து போய், கோட்டோடு ஒரு தொட்டியைத் தூக்கி நகர்த்திவிட்டு, மனம் கேட்காமல் திரும்பவும் பெட்டிக்கு ஓடி வந்தார். கைநிறைய மண்.

உள்ளே சூடு ஏறிக்கொண்டிருந்தது. "அப்ப எதை வச்சுத்தான் அளக்கறதுங்கறீங்க?" என்று தலைவர் கேட்டார்.

"உள்ள வர்றப்ப ஒரு பொண்ணு எப்படி வந்தா, வெளிய போறப்ப எப்படிப் போறா. அந்த வித்தியாசத்தை அளங்க."

"அதுக்குத் தரவு இல்லை மேடம்" என்றார் கணக்குப்பிள்ளை.

"இல்லேன்னா தேடுங்க. தேடாம இல்லைன்னு சொல்லாதீங்க."

"நீங்க சொல்றபடி பார்த்தா இந்த இடத்தையும் முதல் நூறுல போடணும்பீங்க" என்றார் தலைவர். "காலையில இருந்து பார்க்கறேன். பூந்தொட்டியும் பெயிண்ட் நாத்தமும்தான் இருக்கு. கோட்டு முழுக்க பெயிண்ட். லிஃப்டுகூட ஒழுங்கா ஓடல. இதையா நாட்டோட சிறந்த இடம்னு எழுதச் சொல்றீங்க?"

போச்சு, எல்லாம் போச்சு, அமுக்குணியின் வேலைக்கு முழுக்கு என்று எனக்குத் தோன்றியது. துணைவேந்தர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எழுதச் சொல்லல. இன்னும் எதையும் பார்க்கலைன்னு சொல்றேன். அவங்க காட்டினதைத்தான் பார்த்தோம்" என்றார் அந்த அம்மா.

"சரி, இவங்களையே கேட்போம்" என்றார் தலைவர். "நீங்க சொல்லுங்கம்மா. இங்கயே வேலை பார்க்கறீங்க. உங்க பிள்ளையா இருந்தா எங்க அனுப்புவீங்க?"

நான் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கடவுளாகப் பார்த்துக் கொடுத்த சந்தர்ப்பம். சொல்லு அக்கா, என் பெண் இங்கேதான் படிக்கிறாள், நீங்கள் நூறுக்குள் போட்டால்தான் அவளுக்கு வாழ்க்கை என்று சொல்லு. பொத்தானை அழுத்தி நானே சொல்லிவிடலாமா என்று விரல் துடித்தது. துணைவேந்தர் பக்கத்தில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

"மலைக்குத்தான் அனுப்புவேன் ஐயா" என்றாள் அக்கா.

எனக்கு அவள் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது.

"பார்த்தீங்களா!" என்றார் தலைவர்.

"ஆனா என் பொண்ணுக்கு அங்க இடம் கிடைக்கல. இங்கதான் கிடைச்சுது. முதல் நாள் அவ அழுதுக்கிட்டே வந்தா, நானும் அழுதேன். முதல் பரீட்சையில வேதியியல்ல ஃபெயில். வாத்தியார் ஒருத்தர் கூப்பிட்டு விட்டு, செம திட்டு. அப்புறம் அவரே தினமும் சாயங்காலம் உட்கார வச்சு சொல்லிக்கொடுத்தார். இவளுக்கு மட்டும் இல்ல, தவறின எல்லாருக்கும். அவங்க முடிச்சு இறங்கற வரைக்கும் நான் லிஃப்டைப் பூட்ட மாட்டேன், அதனால தெரியும். இப்ப அவ நல்லா படிக்கறா. ஆனா அதை வச்சு எது பெருசு எது சிறுசுன்னு எனக்குச் சொல்லத் தெரியலைங்க."

உள்ளே ஒரு நிமிடம் ஒருவரும் பேசவில்லை. பெருமூச்சு மெல்ல மறுபடி கேட்க ஆரம்பித்தது.

"ஐயா, மலையில அப்படி எத்தனை பேரை உருவாக்கினீங்கன்னு சொல்ல வந்தீங்களே, பாதியில விட்டுட்டீங்க" என்றாள் அக்கா உடனே. அவ்வளவுதான், மறுபடி பிடித்துக்கொண்டார்கள்.

இந்த முறை கணக்குப்பிள்ளையும் குரலை உயர்த்திவிட்டார். எல்லாம் கலந்து கேட்டதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடுவில் வெள்ளை முடி அம்மா "அந்தச் சாயங்கால வகுப்பு இன்னிக்கும் இருக்கா?" என்று கேட்டதும், "தினமும் உண்டு, அஞ்சாவது மாடி கடைசி அறை, அங்க ஏசி கிடையாது" என்று அக்கா சொன்னதும் மட்டும் தெளிவாகக் கேட்டது.

கடைசிச் செடியையும் நகர்த்தி ஜெனரேட்டரை உசுப்பினார்கள். லிஃப்ட் முக்கி முனகி ஐந்தாவது மாடிக்குப் போய் நின்றது. உள்கதவு திறக்கும் சத்தம் பெட்டியில் கேட்டது. அப்பாடா என்று நான் நாற்காலியில் சாய்ந்தேன். அதற்குள் தலைவரின் குரல்: "கொஞ்சம் கதவை மூடும்மா. இந்த அம்மா சொன்னதுக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கல."

துணைவேந்தரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அவர் என் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

சாயங்காலம் குழு கிளம்புகிற நேரம் ஆகியும் கிளம்பவில்லை. வெள்ளை முடி அம்மா படியேறி ஐந்தாவது மாடிக்குப் போனார். மற்ற இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள். தலைவர் கட்டாயம் படிதான், லிஃப்ட் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த அறைக்குப் பெயிண்டே அடிக்கலையே" என்று பதிவாளர் புலம்பிக்கொண்டு ஓடினார். வெகு நேரம் கழித்து இறங்கி வந்தார்கள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டுக்குப் போனதும் நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "வாய் இல்லையா உனக்கு? வேலை விஷயத்தைச் சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? அவர் தானா வந்து கேட்டார்!"

அக்கா காலைச் சுடுநீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உனக்குப் பெட்டியில குரல்தான் கேட்டுது. அந்த ஐயா என் முழங்கையைப் பிடிச்சுட்டு இருந்தார். கை ஐஸ் மாதிரி இருந்துது. மலையைப் பத்திப் பேசினதும்தான் விட்டார். நான் என் கஷ்டத்தைச் சொல்லியிருந்தா எல்லாரும் ஐயோ பாவம்னு வாயை மூடியிருப்பாங்க. வாயை மூடினா அவருக்கு மறுபடி மூச்சு முட்டும். பொண்ணு கதையைச் சொன்னப்பவே மறுபடி என் கையைப் பிடிச்சுட்டார், தெரியுமா?"

"உன் பொண்ணோட வேலையைவிட அவர் மூச்சு பெருசா?"

"லிஃப்டுக்குள்ள இருக்கற வரைக்கும் பெருசுதான்" என்றாள்.

நான் எழுந்து எல்லோருக்கும் சோறு போட்டேன். ஆனால் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதைப் பார்த்தேன். தட்டில் கையை வைத்துக்கொண்டே, "நான் தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டாள். அத்தான் "ஒண்ணும் இல்ல, சாப்பிடு" என்றார். அமுக்குணி எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

பட்டியல் வருகிற வரைக்கும் நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. அத்தான் வேனில் ரொட்டியை மாற்றி மாற்றி இறக்கிவிட்டு வந்து திட்டு வாங்கினார். நான் வரவேற்பறையில் வருகிறவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். அக்கா மட்டும் எப்போதும்போல் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தாள். ஆனால் லிஃப்டுக்குள் யாரிடமும் வாய் கொடுப்பதில்லை என்று மாணவர்கள் என்னிடம் வந்து சொன்னார்கள்.

பட்டியல் வந்த அன்று முற்பகலில் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். பார்த்தால் பதிவாளர்! வாழ்நாளில் படி மிதிக்காத மனிதர் எட்டாவது மாடியிலிருந்து ஓடி வருகிறார். மூச்சு வாங்கியதில் பேச முடியாமல் விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். எட்டு. ஒன்பது. எண்பத்தொன்பது! நான் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். நானா அந்த ஆளின் கையைக் குலுக்கினேன் என்று இப்போதுகூட எனக்கு ஆச்சரியம்தான்.

லிஃப்ட் கீழே வருவதற்காகக் கதவுக்கு முன்னால் நின்றேன். கதவுக் கம்பி வழியாக என் முகத்தைப் பார்த்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. லிஃப்ட் தரைக்கு ஒரு சாண் கீழே போய் நின்றது. இத்தனை வருடத்தில் அவள் தவறாக நிறுத்தியது அன்று ஒரு நாள்தான். உள்ளே இருந்த பேராசிரியர்கள் காலைத் தூக்கி ஏறி வெளியே வந்தார்கள். அக்கா லிஃப்டுக்குள் தனக்கென்று வைத்திருக்கும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் உள்ளே இறங்கி, கதவை இழுத்து மூடிவிட்டு அவளோடு சேர்ந்து அழுதேன். எத்தனை நாள் பாரம்! நெஞ்சு லேசாகிவிட்டது. மேலே மணி அடித்துக்கொண்டே இருந்தது, அடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்த வருடம் சேர்க்கைக்குக் கூட்டம் அலைமோதியது. எண்பத்தொன்பதுக்கு வாயிலில் ஒரு பலகைகூட வைத்தார்கள். எங்களுக்கு அதெல்லாம் எதற்கு? அமுக்குணிக்கு வேலை உறுதியானது. பெட்டி கட்டினோம்.

கிளம்பும் நாள் பேருந்து நிலையத்துக்கு எல்லோரும் போனோம். அத்தான் பெட்டியை ஏற்றுகிறேன் என்று போனவர் ஓட்டுநரோடு வண்டியின் மைலேஜைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அமுக்குணி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். அக்கா கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்த பிடியில் விரல் வெளுத்துப்போயிருந்தது. உதடு கோணிக்கொண்டு வந்தது. இவள் இப்போது உடைந்து அழப் போகிறாள், பெண்ணும் உள்ளே இருந்து அழுவாள், பேருந்து கிளம்பினால் நான் இவளை எப்படி வீட்டுக்குக் கூட்டிப் போவேன் என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

அமுக்குணி அம்மாவின் விரல்களைப் பார்த்தாள். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"அம்மா, நான் யோசிச்சுப் பார்த்தேன். துறைமுகத்துப் பல்கலைக்கழகம்தான் நாட்டுலயே நல்லது. நம்மளது எண்பத்தொன்பதுல இருக்கறதே அதிகம்."

"என்னடி சொல்ற?" என்றாள் அக்கா.

"ஆமா. சாயங்காலம் ஒரு வாத்தியார் சொல்லிக்கொடுத்தா பெரிய இடம் ஆயிடுமா? துறைமுகத்துல எவ்வளவு பெரிய ஆய்வகம் தெரியுமா?"

"பெரிய ஆய்வகத்துல உன்னைக் கதவுக்குப் பக்கத்துலகூட விட்டிருக்க மாட்டாங்க! நீ ஃபெயில் ஆனப்ப அந்த ஆய்வகமாடி வந்து கூப்பிட்டுது? அந்த வாத்தியார் தன் வீட்டுக்குக்கூடப் போகாம உட்கார்ந்திருந்தாரே, அதெல்லாம் மறந்து போச்சா?"

"அவரு ஒருத்தர்தானே. அவரு ஓய்வு வாங்கிட்டா?"

"ஓய்வு வாங்கினா என்ன? அவர்கிட்ட படிச்ச பசங்க ரெண்டு பேரு இப்ப அங்கயே வாத்தியார்! நான்தானே தினமும் மேல ஏத்தி விடறேன், எனக்குத் தெரியாதா?"

பேருந்து உறுமியது. அத்தான் ஓடி வந்து கையை ஆட்டினார். அக்கா கம்பியை விட்டுவிட்டு, விரலை நீட்டிப் பேசிக்கொண்டே பேருந்தோடு நடந்தாள். "எண்பத்தொன்பது அதிகமாம்! அம்பதுக்குள்ள வர வேண்டியது! போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு, உனக்குச் சொல்றேன்!" அமுக்குணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்தாள். கையை ஆட்டினாள். பேருந்து வளைவில் திரும்பியது.

அக்கா அங்கேயே நின்றாள். நீட்டிய விரலை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"என்னை ஏமாத்திட்டுப் போயிட்டா" என்றாள்.

"உன் பொண்ணுதானே."

"நான் இதை அவளுக்குச் சொல்லியே கொடுக்கலையே."

"லிஃப்டுல உன்கூட எத்தனை தடவை போயிருப்பா. பார்த்திருப்பா" என்றேன்.

அக்கா சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து கொட்டியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. வேனுக்கு நடக்கும்போது அவள் நடை தள்ளாடுகிற மாதிரி எனக்குத் தோன்றியது. வெறிச்சென்று கிடக்கும் வீட்டுக்குத்தானே போகிறோம்.

"ஆனா ஒண்ணு அக்கா" என்றேன். "அவ சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு. துறைமுகம் கொஞ்சம் நல்லதுதான்."

அக்கா நடையை நிறுத்திவிட்டு என்னை முறைத்தாள். "உனக்கு என்ன தெரியும்?" என்று ஆரம்பித்தாள். வீடு வந்து சேரும் வரைக்கும் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை.